மூன்று இயங்குதளங்களில் கோப்பு ஒப்பீட்டை விரைவுபடுத்திய விதம்: மண்டபம் கடற்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மண்டபத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு மாடி அறையிலிருந்து நாங்கள் ஐந்து பேர் ஒரு சிறிய மென்பொருளைப் பராமரித்து வருகிறோம். ராமேஸ்வரம் தீவிலும், பாம்பனிலிருந்து தொண்டி வரையிலான கரையூர்களிலும் உள்ள விசைப்படகுக்காரர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் தங்கள் கையடக்க ஜிபிஎஸ் கருவியில் சேமித்து வைத்த இடங்களை அது வாங்கிக்கொண்டு, ஒவ்வோர் இடத்திற்கும் அவர்கள் வைத்த தமிழ்ப் பெயர், பாகக் கணக்கில் (இரு கைகளை விரித்த அளவு ஒரு பாகம்) ஆழம், கரையிலிருந்து தூரம், சர்வதேசக் கடல் எல்லைக் கோட்டிலிருந்து தூரம் ஆகியவற்றை ஒரு பட்டியலாகத் தருகிறது. இந்தக் கடைசித் தூரம்தான் எங்களுக்குத் தூக்கம் கெடுக்கும் எண். பாக் நீரிணைப் பகுதியின் எல்லையை 1974-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை உடன்பாடு 6 புள்ளிகளாகக் குறித்து, அவற்றைப் பெருவட்ட வில்களால், அதாவது உருண்டையான பூமிப் பரப்பில் இரு புள்ளிகளுக்கிடையே செல்லும் மிகக் குறுகிய வளைகோடுகளால், இணைக்கிறது. அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் படகு நிற்கிறது என்பதில் ஒரு குடும்பத்தின் படகும் வலையும் விடுதலையும் அடங்கியிருக்கின்றன. ஆகவே எங்கள் நிரலில் எந்த மாற்றம் செய்தாலும், முழுச் சோதனைத் தொகுப்பையும் ஓட்டாமல் அதை யாருக்கும் கொடுப்பதில்லை என்பது தொடக்கம் முதல் நாங்கள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

அந்தக் கட்டுப்பாடு கையை மீறத் தொடங்கியபோது எழுந்த வேலையைப் பற்றியது இந்த ஆய்வு. தொகுப்பில் ஏறத்தாழ 600 சோதனைகள் உள்ளன. அவற்றுக்குள் 2,000-க்குச் சற்று மேற்பட்ட கோப்பு ஒப்பீடுகள் நடக்கின்றன. ஒவ்வொரு சோதனையும் ஒரு மாதிரி உள்ளீட்டை நிரலுக்குக் கொடுத்து, அது எழுதும் வெளியீட்டுக் கோப்பை நாங்கள் முன்பே சரிபார்த்து வைத்திருக்கும் எதிர்பார்ப்புக் கோப்போடு ஒப்பிடுகிறது. லினக்ஸ் கணினியில் முழுத் தொகுப்பும் 2 நிமிடத்தில் முடிந்துவிடும். விண்டோஸ் மடிக்கணினியில் அதற்கு 47 நிமிடம் ஆனது. பழைய மேக் ஒன்று இரண்டுக்கும் இடையில் நின்றது. எங்கள் பயனர்களில் பெரும்பாலோர் விண்டோஸ்காரர்கள் என்பதால், எந்த இயங்குதளத்தில் சோதனை மிகவும் தேவையோ, அங்கேதான் அது மிகவும் தாமதித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் நாங்கள் பெரிய மாற்றங்களைச் செய்து முடிக்க முடியும். தடை முடிந்து படகுகள் இறங்கிவிட்டால், பிறகு பட்டியலில் ஒரு பிழை இருந்தால் அது கடலுக்குள் போய்விட்ட பிழை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை ஓட்ட வேண்டிய தொகுப்பை இரண்டு தடவைக்கு மேல் ஓட்ட முடியாத நிலை அந்தப் பருவத்தில் வந்தது. மின்தடை வந்தால் அதுவும் ஒன்றாகிவிடும்.

தவறான இடத்தில் தேடியது

முதலில் நாங்கள் கோப்பைப் படிக்கும் வேகத்தைச் சந்தேகித்தோம். அந்த மடிக்கணினியில் இருப்பது சுழலும் வட்டு. உப்புக் காற்றில் அதன் விசிறியும் அவ்வளவு நன்றாக இல்லை. இரு கோப்புகளையும் முழுவதும் ஒப்பிடுவதற்குப் பதில், இரண்டுக்கும் ஷா-256 தொகைமதிப்பைக் (உள்ளடக்கத்திலிருந்து பெறும் சுருக்க அடையாள எண்ணை) கணக்கிட்டு, அந்த மதிப்புகளை மட்டும் ஒப்பிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது சற்றே மெதுவாகவே ஓடியது, காரணம் எளியது. தொகைமதிப்பைக் கணக்கிட இரு கோப்புகளையும் கடைசி பைட் வரை படித்தாக வேண்டும். படித்த பிறகு நேராக ஒப்பிடுவதை விடக் கணக்கிடுவதற்கு அதிக உழைப்பு தேவை. ஒரே கோப்பைப் பல கோப்புகளோடு திரும்பத் திரும்ப ஒப்பிடும்போதோ, தொலைவில் இருக்கும் இரு கணினிகளுக்கிடையே ஒப்பிடும்போதோ தொகைமதிப்பு பயன் தரும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு கோப்புகளை ஒரே ஒரு முறை ஒப்பிட அதனால் ஆவது ஒன்றுமில்லை.

அடுத்து, முதலில் கோப்பின் அளவைப் பார்ப்பது, அளவு வேறானால் உள்ளே படிக்காமலே 'வேறு' என்று சொல்லிவிடுவது என்ற வழக்கமான உத்தியைச் சேர்த்தோம். நல்ல உத்திதான், ஆனால் நேரம் குறையவில்லை. சோதனைத் தொகுப்பு ஒன்றின் இயல்பை அப்போதுதான் நாங்கள் சரியாக யோசித்தோம். ஒழுங்காக நடக்கும் தொகுப்பில் ஏறக்குறைய எல்லா ஒப்பீடுகளும் 'ஒன்றே' என்றுதான் முடியும். வேறுபாட்டை விரைவில் கண்டுபிடிக்கும் எந்த உத்தியும் அங்கே அரிதாக நிகழ்வதை விரைவுபடுத்துகிறதே தவிர, நாள் முழுக்க நிகழ்வதைத் தொடுவதேயில்லை. விரைவுபடுத்த வேண்டியது 'ஒன்றே' என்று சொல்லும் பாதையை.

மூன்றாவது முயற்சி வேகமாக இருந்தது, ஆனால் ஆபத்தானது. ஒப்பீட்டைப் பைத்தானின் ஃபைல்சிஎம்பி தொகுதிக்கு மாற்றிப் பார்த்தோம். அந்தத் தொகுதியின் ஒப்பீட்டுச் செயற்கூறு, நாம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், இரு கோப்புகளின் வகையும் அளவும் கடைசியாக மாற்றிய நேரமும் ஒன்றாக இருந்தாலே உள்ளடக்கத்தைப் படிக்காமல் 'ஒன்றே' என்று சொல்லிவிடும். எங்கள் பட்டியல்கள் நிலையான அகலம் கொண்ட வரிகளால் ஆனவை. ஓர் இலக்கம் தவறினாலும் கோப்பின் அளவு மாறாது. நாங்கள் சோதனைக் கோப்புறையை ஃபேட்32 வடிவில் இருந்த ஒரு பென்டிரைவில் வைத்திருந்தோம்; அந்த வடிவத்தில் மாற்றிய நேரம் 2 விநாடிக்கு ஒரு முறைதான் நகரும். எதிர்பார்ப்புக் கோப்பை ஒரு வார்ப்புருவிலிருந்து அதே நொடியில் உருவாக்கும் சோதனைகள் சிலவும் தொகுப்பில் இருந்தன. வேண்டுமென்றே தூரத்தில் ஓர் இலக்கத்தைக் கெடுத்து ஓட்டிப் பார்த்தபோது, அவற்றில் ஒன்று தேர்ச்சி பெற்றது. அந்த மாற்றத்தை அன்று மாலையே திரும்பப் பெற்றோம். வேகத்திற்காக ஒப்பிடாமலே ஒப்பிட்டதாகச் சொல்லும் சோதனை, சோதனையே இல்லாததை விடக் கெடுதலானது என்பது என் உறுதியான கருத்து. சோதனை இல்லையென்றால் நாம் குறைந்தபட்சம் கவனமாவது கொள்வோம்.

அளந்தபோது தெரிந்தது

இதற்குப் பிறகுதான் அளக்க உட்கார்ந்தோம். எங்கள் சோதனைகள், கட்டளைகளை வரிசையாக இயக்கும் பாஷ் ஷெல்லில் எழுதப்பட்டவை. விண்டோஸில் அவை, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியோடு வரும் கிட் பாஷ் வழியாக ஓடுகின்றன. ஒவ்வொரு வரியை இயக்கும்போதும் அந்த நொடியின் நேரத்தை மைக்ரோவிநாடி வரை முன்னால் அச்சிடும்படி ஷெல்லை அமைத்து, ஒரு முழு ஓட்டத்தின் பதிவை எடுத்துப் பிரித்துப் பார்த்தோம். 47 நிமிடத்தில் 36 நிமிடம் ஒப்பீட்டுச் செயற்கூறு ஒன்றுக்குள்ளேயே கழிந்திருந்தது. ஆனால் அந்த 36 நிமிடத்தில் உண்மையான ஒப்பீடு, அதாவது ஒரு பைட்டை இன்னொரு பைட்டோடு வைத்துப் பார்ப்பது, தேடினாலும் அகப்படாத அளவுக்குச் சிறியது.

அந்தச் செயற்கூறு எப்படி உருவானது என்பதைச் சொன்னால்தான் இது விளங்கும். முதலில் அது, இரு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டும் டிஃப் கட்டளையை அழைக்கும் ஒரே வரியாக இருந்தது. விண்டோஸில் வரிமுடிவு இரண்டு பைட்டாக வந்து எல்லாச் சோதனைகளும் தோற்றபோது, டிஆர் கட்டளையால் அந்தக் கூடுதல் பைட்டை உதிர்த்தோம். யாரோ ஒருவர் பழைய நோட்பேடில் ஓர் எதிர்பார்ப்புக் கோப்பைத் திருத்திச் சேமித்ததால் கோப்பின் தலையில் எழுத்துக் குறியாக்கத்தைக் காட்டும் 3 பைட் பிஓஎம் குறி ஏறியபோது, அதை நீக்க உரையைத் திருத்தும் செட் (sed) கட்டளையைச் சேர்த்தோம். கணக்கிட்ட தூரத்தின் கடைசித் தசமம் மூன்று இயங்குதளங்களிலும் மூன்று விதமாக வந்தபோது, இரு கோப்புகளையும் வரி வரியாகப் படித்து, பொருந்தாத வரிக்கு மட்டும் ஆக் நிரலை அழைத்து எண்களைச் சிறிது நெகிழ்வோடு ஒப்பிடச் செய்தோம். ஒவ்வொன்றும் அந்தந்த நாளில் நியாயமாகத் தெரிந்த திருத்தம்.

அதன் விளைவாக, ஒரே ஓர் ஒப்பீட்டுக்குக் குறைந்தது 6 புராசஸ்கள் (தனித்தனியாக ஓடும் நிரல்கள்) தொடங்கி முடிந்துகொண்டிருந்தன. முழுத் தொகுப்புக்கு 12,000. லினக்ஸில் புதிய புராசஸைப் பிறப்பிக்கும் ஃபோர்க் அழைப்பு மலிவானது: தாய் புராசஸின் நினைவகத்தை உடனே படியெடுப்பதில்லை, யாராவது அதில் எழுதும்போதுதான் அந்தப் பக்கம் படியெடுக்கப்படும். விண்டோஸில் அப்படியோர் அழைப்பே கிடையாது. கிட் பாஷ் நிற்கும் எம்சிஸ்2 அடுக்கு, யூனிக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓட்ட உதவும் சிக்வின் வழிவந்த முறையில், புதிதாக ஒரு புராசஸைத் தொடங்கி, தாயின் நினைவகத்தை அதற்குள் படியெடுத்துப் போட்டு, ஃபோர்க் நடந்துவிட்டதுபோல் நிரலுக்குக் காட்டுகிறது. ஒன்றும் செய்யாமல் திரும்பும் ட்ரூ கட்டளையை வட்டிலிருந்து அழைத்து 1,000 முறை ஓட்டிப் பார்த்தோம். லினக்ஸில் ஒரு விநாடிக்குள் முடிந்தது. அந்த மடிக்கணினியில் ஒரு நிமிடத்தைத் தொட்டது. புதிதாகத் திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் வைரஸ் தடுப்பான் எட்டிப் பார்ப்பதும் அதில் ஒரு பங்கு.

இதைவிட எனக்கு வியப்பளித்தது வரி படிக்கும் சுழற்சி. பாஷின் ரீட் கட்டளை குழாய் வழியாக (இன்னொரு நிரலின் வெளியீடாக நேரே) வரும் உள்ளீட்டைப் படிக்கும்போது, வரி எங்கே முடிகிறது என்று தெரியாததாலும், அதற்கு மேல் படித்துவிட்டால் திருப்பி வைக்க முடியாததாலும், ஒவ்வொரு பைட்டாகத்தான் இயங்குதளத்திடம் கேட்டு வாங்குகிறது. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் (ஓர் எழுத்துக்கோ துணைக்குறிக்கோ யூனிகோடு தரும் எண்) 3 பைட். 'வாடை' என்ற சொல்லில் வகரம், கால், டகரம், ஐகாரக் குறி என்று 4 குறியெண்கள் உள்ளன. அதைப் படிக்க 12 தனித்தனி அழைப்புகள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வெளியீட்டைச் சோதிப்பவர் ஒருவர் இதே செயற்கூறை வைத்திருந்தால் இவ்வளவு கூலி கொடுத்திருக்க மாட்டார். நாங்கள் தமிழில் எழுதியதற்கே மூன்று பங்கு காத்திருந்தோம்.

நாங்கள் மட்டும் இதில் விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிட் திட்டத்தின் சொந்தச் சோதனைத் தொகுப்பும் ஷெல்லில் எழுதப்பட்டதே. வரிமுடிவு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளவும், முடிந்தவரை டிஃப்பை அழைக்காமல் தவிர்க்கவும், அவர்களும் விண்டோஸுக்கென்று பாஷிலேயே எழுதிய ஒரு வரி ஒப்பீட்டுச் செயற்கூறை நெடுங்காலம் வைத்திருந்து, பின்னர் அதுவே தாமதம் என்று கண்டு, கிட்டின் டிஃப் கட்டளைக்கு மாறினார்கள்.

சலுகைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றது

இந்தச் செயற்கூறைச் சி++ மொழியில் மாற்றி எழுதினால் போதும் என்று ஒருவர் சொன்னார். வேகம் கிடைத்திருக்கும். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு படியும் ஏன் வந்தது என்று எழுதிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது: தாமதம் முழுவதும் நாங்கள் ஒப்பீட்டில் காட்டிய சலுகைகளால் வந்தது. எந்தச் சலுகையும் தேவைப்படாத ஒப்பீடு என்பது இரு கோப்புகளையும் நினைவகத்தில் ஏற்றி, அளவு ஒன்றா என்று பார்த்து, நினைவகத்தின் இரு பகுதிகளை ஒப்பிடும் ஒரே மெம்சிஎம்பி அழைப்பில் முடித்துவிடும் வேலை. கணினிக்கு அதைவிட விரைவான ஒப்பீடு கிடையாது. ஆகவே கேள்வி மாறியது. சலுகையை எப்படி வேகமாகக் காட்டுவது என்பதற்குப் பதிலாக, சலுகை ஏன் தேவைப்படுகிறது என்று ஒவ்வொன்றையும் விசாரித்தோம்.

வரிமுடிவில் இரண்டு காரணங்கள் கலந்திருந்தன. கிட்டின் விண்டோஸ் நிறுவல் வழக்கமாகத் தரும் தேர்வு, களஞ்சியத்திலிருந்து கோப்பை எடுக்கும்போதே வரிமுடிவை மாற்றிவிடுகிறது. எதிர்பார்ப்புக் கோப்புகள் எங்கும் ஒற்றை பைட் வரிமுடிவோடு இருக்க வேண்டும் என்று கிட்டின் பண்புக் கோப்பில் எழுதி அதை நிறுத்தினோம். எங்கள் நிரல் வெளியீட்டை உரை முறையில் திறந்ததால் விண்டோஸின் நூலகமே வரிமுடிவை இரட்டித்தது. அதைப் பைனரி முறைக்கு மாற்றினோம். மாற்றியதும் பயனர் பக்கம் ஒரு சிக்கல் எழும் என்று தெரிந்தது. மீனவர் சங்க அலுவலகம் ஒன்றில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது. 2018-க்கு முந்தைய நோட்பேடுக்கு ஒற்றை பைட் வரிமுடிவு தெரியாது, பட்டியல் முழுவதும் ஒரே வரியாக நீண்டுவிடும். எனவே பயனருக்கு ஏற்றுமதி செய்யும் கடைசிப் படியில் மட்டும் நிரல் இரட்டை பைட் வரிமுடிவை எழுதுகிறது; அது மூன்று இயங்குதளங்களிலும் அப்படியே எழுதுகிறது; அதற்கென்று தனிச் சோதனை உண்டு; அந்தச் சோதனையும் பைட்டுக்குப் பைட் கண்டிப்பாகவே ஒப்பிடுகிறது. முன்பு இந்த வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஏற்றுமதி சரியான வரிமுடிவோடு போகிறதா என்று எங்கள் தொகுப்பில் எந்தச் சோதனையும் கேட்டதே இல்லை.

எண்களின் கடைசித் தசமம் கடினமானது. பெருவட்ட வில்லிலிருந்து தூரம் கணக்கிடச் சைன், கோசைன் மதிப்புகள் வேண்டும்; அவற்றைத் தரும் கணித நூலகங்கள் மூன்று இயங்குதளங்களிலும் வெவ்வேறு, கடைசி பிட்டில் அவை ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை. எல்லைப் புள்ளிகளில் ஒன்று வடக்கு 9 பாகை 13 கலை, கிழக்கு 79 பாகை 32 கலை. 60 கலை ஒரு பாகை என்பதால், 13 கலையைத் தசமப் பாகையில் எழுதினால் 0.21666 என்று முடிவின்றிப் போகும். அதை ஒவ்வொரு முறையும் மிதவை எண்ணாக (கணினி தோராயமாக வைத்துக்கொள்ளும் தசம எண்ணாக) மாற்றி அச்சிடும்போது வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கிறோம். ஆகவே புள்ளிகளின் ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை மதிப்புகளை) பாகையின் ஒரு கோடியில் ஒரு பங்கு என்ற அலகில் முழு எண்ணாக வைத்துக்கொண்டோம். 180 பாகையும் அந்த அலகில் 32 பிட் முழு எண்ணுக்குள் அடங்கிவிடும். கணக்கிட்ட தூரத்தை முழு மீட்டருக்கு முழுமையாக்கியே அச்சிடுகிறோம். கையடக்க ஜிபிஎஸ் கருவியின் பிழையே சில மீட்டர் இருக்கும்போது, அதற்குக் கீழே தசமங்களை அச்சிட்டு வந்தது படகுக்காரருக்கு நாங்கள் இல்லாத துல்லியத்தைக் காட்டியது என்றுதான் இப்போது நினைக்கிறேன். முழுமையாக்கினாலும் ஆபத்து முற்றிலும் நீங்காது: சரியாக அரை மீட்டரில் விழும் தூரம் ஒரு கணினியில் மேலேயும் இன்னொன்றில் கீழேயும் போகலாம். ஒரு சோதனையில் அப்படியே நடந்தது. அதன் மாதிரிப் புள்ளியைச் சற்று நகர்த்தி வைத்தோம்.

மூன்றாவது விவகாரம் மேக்கில் மட்டும் தோன்றியது. டிஃப் காட்டிய வரிகளை முதலில் பார்த்தபோது எங்களால் நம்ப முடியவில்லை. கழித்தல் குறியிட்ட வரியில் 'கொண்டல்' என்று இருந்தது. கூட்டல் குறியிட்ட வரியிலும் 'கொண்டல்' என்றே இருந்தது. கண்ணுக்கு எந்த வேறுபாடும் இல்லை. பைட்டுகளை எண்ணியபோது ஒன்றில் 21, மற்றொன்றில் 24. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்ணாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்கிறது, பைட்டில் சமமில்லை. அந்த மேக்கின் வட்டு பழைய எச்எஃப்எஸ் பிளஸ் வடிவத்தில் இருந்தது. அது கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கிறது. எங்கள் நிரல் கோப்பின் பெயரைப் பட்டியலின் தலைப்பாக எடுத்துக்கொள்வதால், காற்றின் பெயரை வைத்துப் பயணங்களுக்குப் பெயரிட்டிருந்த மாதிரிகளில் கொண்டலும் சோளகமும் தோற்றன. வாடையும் கச்சானும் தேர்ச்சி பெற்றன.

இதற்கும் ஒரு சலுகை கொடுத்து, ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்கு நெறிப்படுத்திவிடலாம் என்பதுதான் எங்கள் முதல் எண்ணம். அதைத் தடுத்தது ஒரு பழைய புகார். பாம்பனைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் முந்தைய ஆண்டு அறைக்கு வந்து, "ஏன் தம்பி, இதுல கொண்டல்னு எழுதித்தானே இருக்கு, அதே பேரை அடிச்சுத் தேடுனா இல்லேங்குதே?" என்று கேட்டிருந்தார். அவர் கணினியில் அதைத் திரும்ப நிகழச் செய்ய முடியாமல், தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவருடைய கோப்பு அவர் மகனின் மேக் வழியாக வந்தது என்பதை இப்போதுதான் விசாரித்து அறிந்தோம். ஒப்பீட்டில் பொறுத்துக்கொண்டிருந்தால் இந்தப் பிழை இன்னும் அவரிடமே இருந்திருக்கும். நிரல் உள்ளீட்டைப் பெறும் வாசலிலேயே பெயர்களைச் சேர்ந்த வடிவுக்கு நெறிப்படுத்தும்படி திருத்தினோம். ஒப்பீடு எதையும் பொறுப்பதில்லை.

ஒப்புநோக்கி

சலுகைகள் போன பிறகு மிஞ்சியது சிறிய வேலை. ஒப்புநோக்கி என்று நாங்கள் அழைக்கும் ஒரு சி++ நிரலை எழுதினோம். ஷெல் சோதனைகள் இப்போது ஒப்பிடுவதில்லை. எந்தக் கோப்பை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதை ஒரு பட்டியல் கோப்பில் ஒரு வரியாகச் சேர்க்கின்றன, அதுவும் பாஷின் உள்ளமைந்த கட்டளையால் என்பதால் புதிய புராசஸ் எதுவும் தொடங்குவதில்லை. எல்லாச் சோதனைகளும் முடிந்ததும் ஒப்புநோக்கி ஒரே ஒரு முறை தொடங்கி, 2,000 இணைகளையும் வரிசையாகப் பார்த்து முடிக்கிறது. வேறுபட்டால் மட்டும் நிதானமான பாதைக்குப் போகிறது: வரி எண்ணையும், முதலில் மாறுபடும் இடத்தையும், அங்குள்ள குறியெண்களைப் பெயரோடும் அச்சிடுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு 'கொண்டல்' வந்தால், ஒன்றில் ஒகரக் குறியும் மற்றதில் ஒற்றைக்கொம்பும் காலும் இருப்பதை அது சொல்லிவிடும்.

இந்த ஒத்திவைப்புக்கு ஒரு விலை உண்டு. முன்பு ஒப்பீடு தோற்றதும் அந்தச் சோதனை அங்கேயே நின்றுவிடும். இப்போது தவறான வெளியீட்டை வைத்துக்கொண்டே அடுத்த படிகளுக்குப் போகிறது, அதனால் ஒரு பிழைக்குப் பல தோல்விகள் தென்படலாம். முதல் படியின் வெளியீடே அடுத்த படியின் உள்ளீடாக இருக்கும் 30-க்கும் குறைவான சோதனைகளில் மட்டும் இரு கோப்புகளை பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் சிஎம்பி கட்டளையை அந்த இடத்திலேயே அழைக்கும்படி விட்டுவைத்தோம். இரண்டு சோதனைகள் ஒரே வெளியீட்டுப் பெயரைப் பயன்படுத்தியதும் இதில் வெளிப்பட்டது. பின்னது முன்னதை அழித்துவிடும் என்பதால் ஒவ்வொரு சோதனைக்கும் தனிக் கோப்புறை கொடுத்தோம். சோதனைகளைச் செயலியின் பல கருக்களில் இணையாக ஓட்டுவதை இந்த முறை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு கருக்கள் மட்டுமே உள்ள அந்த மடிக்கணினியில் அதனால் கிடைக்கக்கூடியது குறைவு.

விண்டோஸில் முழு ஓட்டம் இப்போது 11 நிமிடத்தில் முடிகிறது. ஒப்புநோக்கியின் பங்கு அதில் சில விநாடிகள். மேக் லினக்ஸுக்கு அருகில் வந்துவிட்டது. மிஞ்சிய 11 நிமிடத்தில் பெரும்பகுதி எங்கள் நிரலையே 600 தடவைக்கு மேல் தனித்தனியாகத் தொடங்குவதற்குப் போகிறது. ஒவ்வொரு முறையும் அது எல்லைப் புள்ளிகளையும் ஆழ அட்டவணையையும் வட்டிலிருந்து புதிதாக ஏற்றிக்கொள்கிறது. அந்த அட்டவணையை நிரலுக்குள்ளேயே கட்டிவைப்பதா, அல்லது ஒரே ஓட்டத்தில் பல உள்ளீடுகளை வாங்கும்படி நிரலை மாற்றுவதா என்பதை அடுத்த தடைக்காலத்திற்கு எடுத்து வைத்திருக்கிறோம். ஜூன் 14 அன்று மாலை வரை மூன்று கணினிகளிலும் தொகுப்பை ஓட்டிக்கொண்டே இருந்தோம்; விண்டோஸில் மட்டும் அன்று ஒன்பது தடவை.